சரிவில் வரும் எட்டாவது கப்பல்

பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருக்கும் அண்ணனுக்குக் 'கடிகாரம்' என்று பெயர் வைத்தது ஓட்டுநர்கள்தான். எதைக் கையில் கொடுத்தாலும் அதற்கு ஓர் அட்டவணை போடாமல் அவருக்குச் சோறு இறங்காது. அதனால்தான் தங்கை தன் விண்வெளிக் கதையின் கப்பல்களை அவரிடம் ஒப்படைத்திருந்தாள். எழுதுவது அவள், கதை நடக்கிற உலகத்தை இருவரும் சேர்ந்து கட்டுவது சின்ன வயதுப் பழக்கம்.

இந்தத் தடவை அவசரம். வெள்ளிக்கிழமை அவள் கிளம்புகிறாள். கடல் தாண்டி, ஒரு மலையுச்சித் தொலைநோக்கி நிலையத்தில் வேலை. ஒப்பந்தம் ஐந்து வருடம். பிடித்துப்போனால் அங்கேயே நிரந்தரம். திரும்பி வருவாயா என்று அண்ணன் இதுவரை கேட்கவில்லை. என்ன பதில் வருமோ என்ற பயம்தான், வேறென்ன.

மதிய இடைவேளையில் தங்கை பணிமனைக்கே வந்திருந்தாள். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய மேஜையில் பழைய டியூட்டி சீட்டுகள் குப்புறக் கிடந்தன. கதையில், இன்னும் நாற்பது வருடத்தில் சனிக் கிரகத்துக்குக் குடியேறப் போகிறவர்களுக்காக, அவற்றின் பின்பக்கத்தில் எட்டுக் கப்பல்கள். அண்ணன் நீட்டிய அட்டவணையைப் பார்த்துத் தங்கை சிரித்துவிட்டாள். எட்டுக்கும் 'திரும்பும் நேரம்' என்று ஒரு கட்டம்!

"அண்ணா, இது பஸ் இல்ல. அங்க போய் நிக்கறதுக்கு பிரேக் போட்டாலே எரிபொருள் தீர்ந்துடும். போனா போனதுதான்."

"போன வண்டி ஷெட்டுக்கு வரணும். வராத வண்டிக்கு நான் சீட்டு எழுத மாட்டேன்."

"கதைதானே!"

"கதைன்னா ஜனங்களை நட்டாத்துல விட்டுடலாமா?"

ஒற்றைக்காலில் நின்றார் மனுஷர். ஜன்னல் வழியே பணிமனை வாசல் சரிவைக் காட்டினார். டீசல் தீரப்போகிற வண்டிகளை ஓட்டுநர்கள் அதில் நியூட்ரலில் உருட்டியே உள்ளே கொண்டுவந்துவிடுவார்கள்.

"அங்க இப்படி ஒரு சரிவு கூடவா இல்ல?"

சிரிக்க வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுபோனாள்.

"இருக்குண்ணா. சூரியன் பக்கமா எல்லாமே சரிவுதான்."

நீள்வட்டம் ஒன்று வரைந்தாள். இரண்டு சீட்டு நிறையக் கணக்குப் போட்டாள்.

"பிரேக்கே போடலைன்னா, சனி வரைக்கும் ஆறு வருஷம் ஏறும். அப்புறம் தானா சரியும், இன்னொரு ஆறு வருஷம். ஒரு சொட்டு எரிபொருள் வேண்டாம்."

"ஷெட்டும் நகருதேம்மா? பூமி வேற எங்கயாவது போயிருக்குமே?"

"வருஷத்துக்கு ஒரு சுத்து. பன்னெண்டு சுத்து முடிச்சு, கப்பல் வர்ற நேரத்துக்குக் கிளம்பின அதே இடத்துல இருக்கும்!"

அண்ணனுக்குக் கைமயிர் சிலிர்த்து நின்றது. முப்பது வருடம் அட்டவணை போட்டவர். பிசகாத ஒன்றை இன்றுவரை பார்த்ததில்லை. இங்கே ஓட்டுநர் இல்லை, விசில் இல்லை, ஆனாலும் வந்து சேருகிறது. வெளியே வெயிலில் காய்ந்துகொண்டிருந்த வானத்தைப் புதிதாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

"யாரும்மா போட்டது இந்த அட்டவணையை?" என்றார். அவள் நீள்வட்டத்தின் மேல் பென்சிலை இன்னொரு சுற்று ஓட்டினாள்.

கடைசியில், ஏழு கப்பல்கள் நிற்கும், எட்டாவது நிற்காது என்று முடிவானது. போகிற ஆறு வருடமும் எட்டுக் கப்பலும் பக்கத்தில் பக்கத்தில்தான் போகும். மனசு மாறியவர்கள் மற்றவை பிரேக் போடுமுன் எட்டாவதில் ஏறிக்கொள்ளலாம்.

"ஒருத்தருமே ஏறலைன்னா?" என்றாள்.

"காலியா வந்தாலும் வரட்டும். திரும்ப வண்டி இருக்குன்னு தெரிஞ்சாத்தான் ஜனங்க தைரியமா போவாங்க."

சொல்லிவிட்டு அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண் கலங்கியது அவருக்கே பிடிக்கவில்லை.

தங்கை பென்சிலை எடுத்து, எட்டாவது கப்பலுக்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள். தங்கை, புறப்பாடு, இந்த வெள்ளி. திரும்பும் நேரம் என்ற கட்டத்தில் ஐந்து வருடம் தள்ளி ஒரு தேதி போட்டு, சீட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"முத்திரை போடுங்க, கடிகாரம்."

அண்ணன் பணிமனை முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். தேதியிலிருந்து கண்ணை எடுக்காமலே குத்தியதில் அது கொஞ்சம் கோணலாக விழுந்தது.