மஞ்சள் முகப்பு

பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவரில் ஹில்டா மாட்டி வைத்திருந்த துண்டுகளைத் திரேஸ்புரமே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. ஒரு கண்ணாடி, ஏசிபி என்கிற வெள்ளை அலுமினியப் பலகை, ஓட்டை ஓட்டையாய்ச் சுட்ட மண் ஜாலி. பழைய மஞ்சள் கட்டடம் நிற்கும் இடத்தில் வரப்போகும் புதுக் கட்டடத்தின் முகப்புக்கு எது தாங்கும் என்று உப்புக்காற்றிடமே கேட்டுவிடுவோம் என்பது அவள் எண்ணம். சென்னையில் எத்தனையோ கட்டடம் வரைந்தவள்தான். சொந்த ஊரில் இதுதான் முதல். வாடைக்காற்றும் ஆடிக்காற்றும் முறைவைத்து வேலை பார்த்தன. கண்ணாடியில் உப்புப் பூத்து முகம் தெரியவில்லை. ஏசிபியின் திருகாணிகள் துரு வழிந்து நின்றன. துறைமுகத்து நிலக்கரித் தூசி அதற்கு மீசை வேறு வரைந்திருந்தது. சுட்ட மண் மட்டும் நேற்றுச் சூளையிலிருந்து வந்ததுபோல இருந்தது. அதன் ஓட்டைகள் வழியே காற்று வரும், வெயிலும் அடங்கும். தலைமையாசிரியை செல்வராணிக்கும் பிடித்துப்போயிற்று. திங்கட்கிழமை கமிட்டி கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

குறுக்கே நின்றவன் அவள் அண்ணன் ரோச். எட்டாம் வகுப்போடு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டுச் சங்குகுளிக்கப் போனவன். அதன்பின் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

“என்னத்த வேணாலும் ஒட்டு. நெறம் மட்டும் பழைய மஞ்சளே இருக்கட்டும்ளா.”

“ஏம்ணே?”

“சும்மாத்தான் சொல்லுதேன்.”

சும்மா பேசுகிற ஆளில்லை அவன். சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதையே சொன்னான். காரணம் கேட்டால் மீன் முள்ளில் கவனமாகிவிடுவான். சுட்ட மண்ணுக்குப் பெயிண்ட் அடிப்பதாவது? ஒரு வாடைக்கு உரிந்து தொங்கும். ஹில்டாவுக்கு முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. போகப்போக, இவனுக்கு இந்த மஞ்சளில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வராது போலாயிற்று.

சனிக்கிழமை காலையில் ஜாலியின் உடைந்த சில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவன் வள்ளத்தில் ஏறினாள். கடலிலிருந்து முகப்பு எப்படித் தெரியும் என்று பார்க்க வேண்டும் என்றாள். அவன் எஞ்சினைக் கிளப்பினான்.

கரை சுருங்கிக் கோடானதும் அவள் பழக்க தோஷத்தில் கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். சிறுவயதில் அப்பா வள்ளத்தில் அதுதான் சட்டம். சங்கு கிடக்கும் இடம் நெருங்கினால், “அங்கிட்டுப் பாரு” என்பார். கரையில் எதை எதோடு நேர்வைத்து அவர் இடம் பிடிக்கிறார் என்பது பெற்ற மகளுக்கும் தெரியக்கூடாது. ரோச்சும் அப்படியே. மற்ற இடமெல்லாம் ஜிபிஎஸ்ஸில் இருந்தது. அது கூட்டாளிகளுக்கும் பொது. ஒன்றை மட்டும் தலைக்குள் வைத்திருந்தான். கடல் கைவிரித்த மாதங்களிலும் அவன் வீட்டில் உலை கொதித்தது அந்த ஓரிடத்தால்தான். அது எங்கே என்று அவன் பெண்டாட்டிக்கே தெரியாது.

எஞ்சின் நின்றது.

“இங்கிட்டுத் திரும்பு. கரையப் பாரு.”

ஹில்டா முதலில் அவனைத்தான் பார்த்தாள். அவன் முங்கும்போது மாட்டுகிற முகக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

தெற்கே துறைமுகத்துக் கிரேனும் அதற்குப் பின்னால் ஒரு புகைபோக்கியும் ஒரே நேராக வந்து ஒன்றாகியிருந்தன. நேர் எதிரே மணலும் ஓட்டுக்கூரையும் சுவருமாகக் கரை முழுக்க ஒரே மண் நிறம். நடுவில் பள்ளிக்கூடத்தின் மஞ்சள் மட்டும் ஒரு கீற்றாகத் தெரிந்தது. அதன் தலைக்கு மேல், நட்டுவைத்ததுபோல, கோவில் கோபுரம்.

அவள் கையை நீட்டிச் சில்லை மஞ்சளுக்கு மேல் பிடித்தாள். பள்ளிக்கூடம் காணாமல் போயிற்று. எடுத்தாள், வந்தது. மறுபடி பிடித்தாள். அண்ணன் சோற்றில் மண்ணைப் போட இவ்வளவு அக்கறையாக யாரும் மண் தேடியிருக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

“மொதல்லயே சொல்லிருக்கலாம்லாண்ணே.”

“சொல்லுத காரியமா இது.” துடுப்பை அவள் கையில் கொடுத்தான். “வள்ளம் வெலகாமப் பாத்துக்கோ.”

மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினான்.

நீரோட்டம் வள்ளத்தை மெல்ல வடக்கே தள்ளியது. கோபுரம் மஞ்சளை விட்டு நழுவத் தொடங்கியது. ஹில்டா சில்லை மடியில் போட்டுக்கொண்டு துடுப்பு வலித்தாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வலித்ததில் கோபுரம் திரும்பவும் மஞ்சளின் தலைக்கு வந்து நின்றது. அவன் இன்னும் மேலே வரவில்லை. அவள் கரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வலித்துக்கொண்டிருந்தாள்.