மீதி இருபத்தேழு

மணியை அடித்தது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காறித் துப்புகிறவர்கள் துப்பிக்கொள்ளட்டும்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் ஒருவர் செத்தால், வயது எத்தனையோ அத்தனை முறை கோயில் மணியை அடிப்போம். இருபது வருஷமாக அந்தக் கயிறு என் கையில். ஓமனாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. கொரோனா இரண்டாம் அலையில் சபைச் சமையலறையில் நின்று, லாட்ஜுகளில் அடைபட்டுக் கிடந்த கூலிக்காரர்களுக்கும் எங்கள் தெருவுக்கும் தினமும் இருநூறு சோற்றுப் பொதி கட்டியவள். லெந்து நோன்புக் காலத் திரைச்சீலையில் மிஞ்சிய ஊதாத் துணியை வெட்டி வீடு வீடாக மாஸ்க் தைத்துக் கொடுத்தவள். கடைசியில் அவளுக்கே வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று, "யோசுவாண்ணா, எனக்கு என்னவாவது ஆச்சுன்னா அனூப் பக்கத்துல வச்சிருங்க, கேட்டோ" என்றாள். அனூப் அவள் மகன். ஆறு வருஷத்துக்கு முன் பைக்கிலிருந்து விழுந்து செத்தவன். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

அவள் இறந்த அன்று போதகர் படித்துப் படித்துச் சொன்னார். "மணி வேண்டாம், யோசுவா. தெருவுக்குத் தெரிஞ்சா பிரச்னையாகும். நாலு மணிக்கு ஆம்புலன்ஸ் வரும், சத்தமில்லாம அடக்கிருவோம்." தலையாட்டினேன். ஆனால் மூன்றே முக்காலுக்கு மனசு கேட்கவில்லை. ஊருக்கே சோறு போட்டவளைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்துப் புதைப்பதா? போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

முப்பத்தொன்றாவது அடியில், உடலை இறக்குவதற்காகக் கவச உடை போட்டிருந்த சபைப் பையன் பிரஜின் ஓடி வந்தான். "அண்ணா, நிறுத்துங்க! மணி கேட்டுத் தெருக்காரனுவ வந்து கல்லறை கேட்டை அடச்சுட்டானுவ!"

நான் பின்கதவு வழியாகக் கல்லறைக்குள் ஓடினேன். கேட்டுக்கு வெளியே நின்ற ஆம்புலன்ஸ் மேல் கல் பறந்துகொண்டிருந்தது. கண்ணாடி நொறுங்கி டிரைவரின் நெற்றி கிழிந்தது. உள்ளே தாயின் உடலோடு மகள் சுமி இருந்தாள். கேட்டுக்கு உள்பக்கம் இரும்புக் கம்பியோடு நின்றவன் முக்குக்கடை ஷாஜி. "பாடி உள்ள கேறாது! எங்க பிள்ளேளுக்கு வரும்!" என்று கத்தினான். பதினாலு நாள் வீட்டில் அடைந்து கிடந்தபோது அவள் பொதியைத் தின்றவன். முகத்தில் அதே ஊதா மாஸ்க். பாவிப்பயல்!

கேட்டருகே வெட்டியிருந்த குழியோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்தேன். காம்பு அவன் தோளில் இறங்கியபோது எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. சுகமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அவன் மறுகையால் கம்பியைச் சுழற்றினான், என் பல் இரண்டு போயிற்று. கட்டிப் புரண்டு ஓமனாவுக்கு வெட்டிய குழிக்குள்ளேயே விழுந்தோம். நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மாஸ்க்கைப் பிய்த்தேன். "அவ தச்சதுடா இது!"

"பயந்து பேடிச்சுப் போச்சு அண்ணா. ரெண்டு சின்னப் பிள்ளேள் உண்டு" என்று அழுதான். அதற்குப் பிறகும் நாலு குத்து குத்தினேன்.

"மதி, அண்ணா, போதும்" என்றான் பிரஜின் மேலே நின்று. "ஆம்புலன்ஸ் போயாச்சு."

போலீஸ் எப்போதோ வந்து, கூட்டத்தை விரட்டி, கேட்டைத் திறந்திருந்தது. குழிக்குள் அடிதடி நடக்கிற இடத்தில் இறக்க மாட்டேன் என்று டிரைவர் வண்டியைத் திருப்பிவிட்டாராம். ஐந்து நிமிஷம் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் அவள் மகன் பக்கத்தில் படுத்திருப்பாள். அன்று சாயங்காலமே மின்மயானத்தில் எரித்தார்கள்.

அடிதடி வழக்கில் உள்ளே போன நான் எட்டாம் நாள் ஜாமீனில் வந்தேன். மறுநாள் சுமி சின்ன மண்கலயத்தில் சாம்பலைக் கொண்டுவந்தாள். அனூப் பக்கத்தில் வெட்டிய அதே ஆறடிக் குழியில் அந்தக் கலயத்தை வைத்து மூடினோம். பிறகு அவள் நேராக மணிக்கூண்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

"இன்னும் எத்தனை பாக்கி?"

"இருபத்தேழு" என்று கயிற்றுக்குக் கை நீட்டினேன்.

"தொடாதீங்க."

அவளே இழுத்தாள். நான் வெளியே வந்து நின்று எண்ணினேன்.