இடது காலின் பதில்

மூன்றாவது முறையும் பேசும் கருவியின் சிவப்புப் பொத்தானை அழுத்தியது அம்மாதான். மகளின் கையைப் பிடித்து, "அழுத்தும்மா குட்டி" என்று தானே அழுத்திவிட்டு, "பாத்தீங்களா மேடம், அவளே அழுத்திட்டா" என்றார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. எந்தப் பிள்ளைக்கு எந்தக் கருவி ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்வதுதான் என் பிழைப்பு. இந்த அம்மாவுக்கு ஒத்துவருவது வாய்ப்பூட்டு ஒன்றுதான்.

பாவம், அவர் பயமும் நியாயமானதுதான். வாய் பேச வராத பெண். இன்று தானாக ஒரு பதில் சொல்லிவிட்டால் ஆறாம் வகுப்பு. இல்லையென்றால் பொம்மைகளைக் கொடுத்துச் சும்மா உட்காரவைக்கும் பின்னறை. முடிவு சொல்லவேண்டிய தலைமையாசிரியர் எதிரே கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார்.

"உனக்குக் கணக்குப் பிடிக்குமா?" என்று அவளிடமே கேட்டேன்.

"ஐயோ, உயிரு மேடம்!" என்றார் அம்மா.

சக்கர நாற்காலியின் கால்பலகையோடு வாரால் கட்டியிருந்த இடது கால் வெடுக்கென்று இழுத்தது.

"பாட்டு?"

"ரொம்பப் பிடிக்கும்!"

மறுபடியும் இழுப்பு. அம்மா வாயைத் திறக்கும்போதெல்லாம்! அடிப்பாவி, வந்ததிலிருந்து இவள் சண்டையல்லவா போட்டுக்கொண்டிருக்கிறாள்!

"அந்த வாரைக் கழட்டுங்க."

"வேணாம் மேடம், உதைப்பா. யார் மேலயாவது பட்டுடும்."

"படட்டும். நான் வாங்கிக்கறேன்."

பொத்தானை அவள் இடது பாதத்துக்கு அடியில் வைத்தேன். திரையில் எழுத்துகளின்மேல் மஞ்சள் வெளிச்சம் நகரும். வேண்டிய எழுத்துக்கு வந்ததும் அழுத்தவேண்டும். முதலில் தவறவிட்டாள். மறுபடியும் தவறவிட்டாள். பிறகு காலுக்கு அந்த வேகம் பிடிபட்டது. எழுத்தெழுத்தாகச் சேர்த்து முடித்ததும் கருவி கணீரென்று சொன்னது:

"அம்மா, சும்மா இரு."

தலைமையாசிரியர் குபீரென்று சிரித்துவிட்டார். அம்மாவுக்குக் கண்ணீர் கொட்டியது. "என்னையே அதட்டறா சார்! என் பொண்ணு என்னையே அதட்டறா!" என்று பெருமை வேறு. நான் மட்டும் என்ன, மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் நின்றேன்.

"சரிம்மா, அடுத்த வாரத்துலேர்ந்து வகுப்புக்கு வா" என்றார் தலைமையாசிரியர்.

"ரொம்ப நன்றி..." என்று ஆரம்பித்த அம்மா, மகளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். மஞ்சள் வெளிச்சம் நிதானமாக நகர்ந்தது. நாங்கள் மூவரும் காத்திருந்தோம்.

"இப்பவே" என்றது கருவி.

தலைமையாசிரியர் ஒரு கணம் திருதிருவென்று விழித்தார். பிறகு எழுந்து வந்து, நாற்காலியின் கைப்பிடியைத் தானே பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். நான் கருவியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். அதற்குள் தாழ்வாரக் கோடியில், ஆறாம் வகுப்பில், வழிவிடுவதற்காக பெஞ்சுகளைத் தரதரவென்று இழுக்கிற சத்தம் கேட்டது.