அமாவாசையன்று கேட்ட தறி

ஆரணி வெயிலையே அடுப்பாக்கி, பெல்ஜியம் நாட்டு விவசாயிகள் கோடையில் குடிக்கிற பீரைத் தன் வீட்டு மாடியில் புளிக்க வைத்திருப்பதாகவும், அந்த வாசனையில் காக்கைகள் தெருவைத் தாண்ட முடியாமல் தள்ளாடுவதாகவும் தசரதன் சொன்னபோது, டீக்கடையில் ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. ரிட்டயரான நாள் முதல் அவர் விடாத புருடா கிடையாது. போன கோடையில் அவர் மாடியில் கோழி அவித்த முட்டையே இட்டது.

அதைப் புருடா என்று தள்ளிவிடாதவர் சம்பந்தம் மட்டும்தான். தசரதன் அவருடைய அக்கா புருஷன், பக்கத்து வீடு. சம்பந்தம் இங்கிருந்து முள்ளிப்பட்டு வரை தறிக்காரர்களுக்குப் பட்டும், தறியில் ஏற்றுகிற பாவு நூலும் கொடுத்து நெய்ய வைக்கிற முதலாளி. சென்னைக் கடை ஒன்றுக்காகப் பாகற்கொடி பார்டர் ஒன்றைப் புதிதாகப் போட்டிருந்தார். புடவை கடைக்குப் போவதற்குள் வேறொருவன் அதை நெய்துவிட்டால், அந்தக் கடை வாசலை அவர் மறந்துவிட வேண்டியதுதான். தன் நிழல் பின்னால் வந்தாலே யார் அனுப்பிய ஆள் என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா சாயப்பட்டறைத் தெர்மாமீட்டரை இரவல் வாங்கிப் போயிருந்தார். பெங்களூரிலிருந்து தன் மகன் கோகுல்ராஜ் அனுப்பிய பார்சலைப் பிரிக்காமலே மாடிக்குத் தூக்கிப் போனார். அங்கே தகரக் கொட்டகையில் பழைய தறி ஒன்று கிடந்தது. பீராம், பெல்ஜியமாம். இவ்வளவு பெரிய பொய்யை வெளியே சொல்கிறவர், உள்ளே எவ்வளவு பெரியதை மறைப்பார்?

வைகாசி அமாவாசை வந்தது. அன்று தறியில் யாரும் கை வைப்பதில்லை. மற்ற நாளில் இடி விழுந்தாலும் தெரியாத தெரு, எறும்பு தும்மினால் கேட்கிற மாதிரி அடங்கிக் கிடந்தது. அந்த அமைதியில் மாமா வீட்டு மாடியிலிருந்து வந்தது: டக். டக். டக்.

சம்பந்தம் வெளியே ஓடிவந்தார். நெசவாளர் முருகேசன் நாலைந்து பேரோடு வாசலில் நின்றிருந்தார்.

"எங்களுக்கு லீவு வுட்டுட்டு, உங்க மாமா வூட்ல திருட்டுத்தனமா தறி ஓட்டிகினு கீறீங்களா மொதலாளி?"

பார்த்துவிட்டு வருகிறேன் என்று சம்பந்தம் படியேறினார். கொட்டகைக்குள் வெயில் ஆளையே வேகவைத்தது. தறியின் மேல் சிலந்தி மூன்று தலைமுறையாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டிரம். அதன் மூடியிலிருந்து ஒரு டியூப் தண்ணீர்ச் சொம்புக்குள் இறங்கியது. டியூப் வாயில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருந்தது. ஒவ்வொரு குமிழிக்கும் டம்ளர் எழும்பி, சொம்பில் இடித்து விழுந்தது. டக்.

பார்சலில் வந்த இந்த ஈஸ்ட்டுக்கு மட்டும் சூடு ஏற ஏறத்தான் தெம்பு வரும், ஆரணி வெயில் அதற்குத் தாய்வீடு என்றார் தசரதன். சம்பந்தம் நம்பவில்லை. குனிந்து தறிக்கு அடியில் பார்த்தார். ஒரு நூல்கூட இல்லை. தசரதன் டிரம்மின் குழாயைத் திருகி ஒரு கிளாஸ் நீட்டினார். கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல், நாக்கு நுனியில் மிளகு. அதற்கெல்லாம் அடியில், சந்தேகமே இல்லாமல், பீர்.

தசரதன் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "கீழ போயி சொல்லிடாத மச்சான். நான் சொன்னா ஊரு சிரிக்கும். நீ சொன்னா போலீஸு வரும்."

இறங்கும்போது சம்பந்தம் கிரைண்டர், ஃபேன், ஒழுகுகிற குழாய் என்று கீழே சொல்லக்கூடிய பொய்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தார். எதுவும் அமாவாசையன்று தறி மாதிரி அடிக்காது. இவர்கள் நம்பாவிட்டால் நாளைக்கே பாவு நூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு முதலாளியிடம் போவார்கள். பாகற்கொடியும் கூடவே போகும்.

"தறி இல்ல முருகேசா," என்றார். "மாமா டீக்கடையில சொன்னாரே, அது."

"எது? அந்த பெல்ஜியம் கதையா?"

சம்பந்தம் மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். டக்.

"கதை இல்லடா. நெஜந்தான். நானே குடிச்சுட்டுதான் வரேன்."