விழாத பல்

எங்கள் வீட்டில் எல்லாருமே பல் டாக்டர்கள்தான். படித்தவர் மட்டும் ஒருவரும் இல்லை.

என் மகள் அனுப்ரியாவுக்கு ஏழு வயது. கடைவாய்ப் பல்லில் பெரிய ஓட்டை. பங்காருபேட்டை டாக்டரம்மா சுத்தம் செய்து தற்காலிகமாக அடைத்துவிட்டார். "பல்லோட சுவர் முட்டை ஓடு மாதிரி இருக்கு. இருபதாம் தேதி வாங்க, கேப் போட்டுடலாம். அதுவரைக்கும் இனிப்பு, கெட்டியானது எதுவும் வேண்டாம். பிளந்துடுச்சுன்னா பிடுங்கறதுதான் வழி" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாமனார் சம்பங்கி சிரித்தார்.

"பால்பல்லுதானே பத்மா. விழப்போற பல்லுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ ரகளை?"

பால்பல் இல்லை, ஆறு வயதில் எதுவும் விழாமலே பின்னால் முளைக்கிற பல், சாகும்வரை இது ஒன்றுதான் என்று விளக்கினேன். "நாங்க துன்னாததா?" என்றார். அப்போது அவருடைய பல்செட் கிண்ணத்துத் தண்ணீரில் கிடந்தது.

கோரமண்டல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் எங்கள் மளிகைக் கடை. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே வாசலில் சக்கரை அச்சு குவிந்துவிடும். மயில், யானை, தேர் எல்லாம் முழுக்க முழுக்கச் சக்கரை. பொங்கல் எங்களுடையது, சங்கராந்தி கன்னடக்காரர்களுடையது, தின்பது மட்டும் எல்லாரும் எல்லாவற்றையும். எள், வெல்லம், கொப்பரை, கடலை கலந்து மேலே ஓர் அச்சை வைத்துப் பெண்பிள்ளைகள் வீடு வீடாகப் போவார்கள். போன வீட்டில் அதையே திருப்பிக் கொடுப்பார்கள். நாம் கொடுத்த வெல்லம் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி நம் வீட்டுக்கே வந்து சேரும். இதற்குப் பெயர் உறவாம்.

நான் சட்டம் போட்டேன். அனுப்ரியா தட்டோடு போகலாம், கொடுத்தால் வாங்கலாம், வாயில் வைக்கக் கூடாது. பையை அப்படியே கொண்டுவந்தால் கலர் பென்சில் பெட்டி.

"பண்டிகை நாள்ல புள்ளைய பட்டினி போட்டுகினு கீறா" என்று எதிர்வீட்டு சரோஜம்மா என் காதில் விழும்படியே சொன்னாள். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்தே பிள்ளைகளின் வாயைக் குப்பைத்தொட்டி ஆக்குகிற கூட்டம். எனக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது என்று என் வீட்டுக்காரரிடம் பீற்றிக்கொண்டேன்.

பண்டிகையன்று சாயங்காலம் பதினொரு வீடு போய்விட்டு வந்தாள். பை நிறைந்திருந்தது, ஓர் அச்சுகூட உடையவில்லை.

"ஒண்ணுகூட துன்னலம்மா. கேட்டவங்ககிட்ட எல்லாம் டாக்டர் வேணாம்னு சொன்னாங்கன்னு சொல்லிட்டேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பென்சில் பெட்டியை எடுக்கப் போகும்போது பக்கத்து வீட்டு மஞ்சுநாத்தின் மனைவி மமதா வந்தாள். கல்யாணமாகி அவளுக்கு இது முதல் சங்கராந்தி. புதுப்பெண் கொடுப்பதை மறுத்தால் அவள் குடித்தனத்துக்கு ஆகாது என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு. கையில் வெள்ளித் தட்டு, கூடவே அவள் மாமியார். வேடிக்கை பார்க்க சரோஜம்மாவும் வந்துவிட்டாள். தட்டின் நடுவில் ஒரு மயில்.

"நானே செஞ்சது அக்கா" என்ற மமதா, மயிலை எடுத்து அனுப்ரியாவின் வாயருகே நீட்டினாள். "ஒண்ணே ஒண்ணு, என் எதிர்ல துன்னு புட்டி" என்று, பாப்பாவைக் கன்னடத்தில் கூப்பிடுகிற மாதிரி கொஞ்சினாள்.

அனுப்ரியா உதட்டை இறுக்கிக்கொண்டு தலையாட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. மமதாவின் முகம் சுருங்கியது. மாமியார் என்னைப் பார்த்தாள். சரோஜம்மா தொண்டையைக் கனைத்தாள்.

டாக்டர் வேண்டாம் என்றார். இந்த மூன்று வார்த்தை போதும். பதினொரு வீட்டில் என் பிள்ளை சொன்னதுதான்.

"வாங்கிக்கோ கண்ணு. பெரியவங்க குடுத்தா வேணாங்கக் கூடாது" என்றேன். அவள் அசையவில்லை. நானே மயிலை வாங்கி, வாலை உடைத்து அவள் வாயில் வைத்தேன்.

"கடிக்கட்டாம்மா?" என்று வாயில் அதை வைத்துக்கொண்டே கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அவள் கடித்தாள்.

மூன்றாம் நாள் வீங்கிய கன்னத்தோடு அவளை ரயிலில் கூட்டிக்கொண்டு பங்காருபேட்டை போனேன். டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்தார். பல் வேர்வரை பிளந்திருந்தது.

"இது திரும்ப முளைக்காதுன்னு சொன்னேனே. யார் கொடுத்தது?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மாமனாரைச் சொல்வதா, மமதாவைச் சொல்வதா என்று என் புத்தி ஆள் தேடியது. அதற்குள் அனுப்ரியா சொல்லிவிட்டாள்.

"யாரும் குடுக்கல. நானே எடுத்து துன்னுட்டேன்."

அம்மா சொன்னால் கேட்க வேண்டாமா, இவ்வளவு கஷ்டப்பட்டுக் காப்பாற்றுகிறார்களே என்று டாக்டரம்மா அவளைத் திட்டினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். ஊசி போடும்போது திமிறாமல் இருக்க அவள் கைகளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். பிடித்துக்கொண்டேன். அவள் திமிறவே இல்லை. திட்டு முடியும்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை.