தெருப் பக்கம் ஒரு கதவு

அவள் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திவந்தாள். பழைய அகராதிகளைப் பற்றிய அவளுடைய ஆய்வில் துறைத்தலைவர் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். அந்த அகராதிகளில் ஒன்றைக்கூட அவர் புரட்டிப் பார்த்ததில்லை. அவள் மறுத்தாள். அடுத்த பருவத்தில் அவளுக்கு வகுப்பே ஒதுக்கவில்லை. நூலக அட்டையும் போயிற்று.

அண்ணன் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு பேரைச் சேர்த்தா என்ன குறைஞ்சு போகும்? ஊரோட ஒத்து வாழத் தெரியாதா உனக்கு?"

"ஊரோட ஒத்து வாழலாம் அண்ணா. திருட்டோட எப்படி வாழறது?"

பல்கலைக்கழக வாசலுக்கு நேர் எதிரே ஒரு பஞ்சர் கடை காலியானது. வேண்டுமென்றே அதையே வாடகைக்கு எடுத்தாள். ரப்பர் வாடை போவதற்குள் தன் சொந்தப் புத்தகங்களை அடுக்கி விற்பனையைத் தொடங்கிவிட்டாள்.

"டாக்டர் பட்டம் வாங்கிட்டு பழைய புத்தகம் விக்கிறாள்னு வெளிய சொல்ல வாய் வரல" என்றாள் அண்ணி.

"சொல்லாதீங்க அண்ணி. வாய்க்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்."

இறந்துபோன பேராசிரியர்களின் வீடுகளில் புத்தகங்களை எடைக்குப் போட மூட்டை கட்டி வைத்திருப்பார்கள். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பாள். எது அரிய பதிப்பு என்று அவள் கண்ணுக்குத் தெரிந்தது. மெல்ல மெல்ல வெளிநாட்டு நூலகங்களே அவளுக்கு எழுதிக் கேட்டன. கடை மூன்று மாடியாக வளர்ந்தது. அட்டை இல்லையென்று பல்கலைக்கழகக் காவலர் விரட்டிவிட்ட லாரி ஓட்டுநர்களும் நர்சுகளும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து ஓசியில் படித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு பெருமழையில் பல்கலைக்கழக நூலகத்தின் கூரை இடிந்தது. புதிதாக வந்திருந்த துணைவேந்தர் தெருவைக் கடந்து அவளிடமே உதவி கேட்டு வந்தார். கட்டடத்துக்குப் பணமும், தான் சேர்த்துவைத்த பழைய அகராதிகளும் கொடுப்பதாக அவள் ஒப்புக்கொண்டாள்.

"தெருப் பக்கம் ஒரு கதவு வைக்கணும். அட்டை கேக்கக் கூடாது."

"கண்டவங்களும் உள்ள வருவாங்களேம்மா."

"அந்தக் கண்டவங்கள்ல நானும் ஒருத்திதான்."

அவர் சிரித்து மழுப்பினார். கட்டி முடித்தபோது தெருப் பக்கம் வெறும் சுவர்தான் நின்றது. புத்தகங்களோடு வாசல்வரை போன லாரியை அவள் அப்படியே திருப்பிவிட்டாள். துணைவேந்தர் ஆள் அனுப்பினார்; அண்ணனைவிட்டுச் சொல்லிப் பார்த்தார்.

"சுவரை இடிங்க. அப்புறம் பேசலாம்."

கோடை முடிவதற்குள் இடித்தார்கள்.

திறப்பு விழாவில் துணைவேந்தர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். அவள் தெருக்கதவருகே நின்றிருந்தாள். அங்கே ஒரு நாற்காலி போட்டுக் காவலர் உட்கார்ந்திருந்தார்.

"இது எதுக்கு?"

"யார் யார் வர்றாங்கன்னு பார்க்கச் சொல்லியிருக்காங்க மேடம்."

"எழுந்திருங்க."

அவர் எழுந்தார். அவள் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் வாசிக்கும் அறையில் போட்டாள். "இங்க உக்காந்து நீங்களும் ஏதாவது படிங்க" என்றாள்.