ஊமைப் பீஸ்

மேஜைமேல் காதுகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார் பாதுகாப்பு அதிகாரி. எல்லாம் இடது காதுகள். சிலிகானில் வார்த்தவை, ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் எண். அந்தக் கம்பெனியில் இயர்போன் போட்டுப் பார்க்கும் வேலைக்குச் சேருகிற எவரையும் முதல் நாளே தலையைச் சாய்த்து உட்காரவைத்து, காதுக்குள் பசை மாதிரி ஒன்றை ஊற்றி அச்சு எடுத்துவிடுவார்கள். எந்த வளைவு எந்தக் காதில் இடிக்கிறது என்று பார்ப்பதற்கான அச்சுகள் அவை. இன்றைக்கு வேறு வேலைக்கு வந்திருந்தன. அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்து, லேப்டாப்பில் பெரிதாகத் தெரிந்த போட்டோவுக்குப் பக்கத்தில் பிடித்து, காய்கறிக் கடையில் சொத்தை பார்ப்பவர் போல உதட்டைப் பிதுக்கிக் கீழே வைத்தார். ஒன்றை மட்டும் வைக்கவில்லை. திருப்பி, அடியிலிருந்த எண்ணைப் படித்துவிட்டு எதிரே நின்றிருந்தவளை நிமிர்ந்து பார்த்தார்.

"இது யாரோட காதும்மா?"

அவளுடையதுதான். அவளுக்கே தெரிந்தது. கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகத்தைவிட அந்தக் காது அவளுக்கு நன்றாகப் பழக்கம்.

போட்டோவில் முகம் இல்லை. ஒரு காது, ஒதுக்கிவிட்ட முடி, காதுக்குள் அடுத்த மாதம் புது போனோடு வெளிவரப்போகும் இயர்போன். ஏதோ ஓர் இணையப் பக்கம் அதைப் போட்டு உலகத்துக்கே காட்டிவிட்டது. கீழே மூன்று வரி: 'புது இயர்போன் இதுதான். போட்டிருப்பதே தெரியவில்லை. பேஸ் அட்டகாசம்!'

அதிகாரிக்கு ஆபீசில் வைத்திருந்த பெயர் பூட்டு. அவரும் அதைக் கேள்விப்பட்டிருந்தார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தார். "வாசல்ல பை பாக்கறோம், பாக்கெட் பாக்கறோம், மெட்டல் டிடெக்டர் வச்சிருக்கோம். அதையும் மீறிக் கொண்டு போயிருக்கேன்னா நீ லேசுப்பட்ட ஆளு இல்ல. சரி, அத விடு. உன் காத நீயே இந்தக் கோணத்துல போட்டோ எடுக்க முடியாது. யாரு எடுத்தது?"

"எனக்குத் தெரியல சார்."

"தெரியலையா? நான் சொல்றேன். மாடல் உங்க செக்‌ஷன்ல இருந்து போயிருக்கு. பேஸ், அதான் அந்த அடிச்சத்தம், எப்படி இருக்குங்கறது கீழ சவுண்டு செக்‌ஷன்ல இருந்து போயிருக்கு. அங்க ஒருத்தன் கம்ப்யூட்டர்ல உன் காது நம்பர் திரும்பத் திரும்ப வருது. ஒரு பொம்பளையோட காது நம்பர் ஒரு ஆம்பளைக்கு எதுக்கு மனப்பாடம்?"

"சார், அந்த ஆள நான் பார்த்ததே கிடையாது."

"எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்வாங்க." பூட்டு காதை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார். "நாளைக்குக் காலைல வா. போட்டோ எடுத்தது யாருன்னு பேர் சொன்னா உன் விஷயத்துல யோசிக்கலாம். சொல்லலன்னா நீயும் அவனும் ஜோடியாக் கெளம்பலாம்."

அவள் கண் போட்டோவில், காதுக்குப் பின்னால் மங்கலாகத் தெரிந்த கரும்பச்சைக்கே போனது. பூட்டுக்கு அது வெறும் நிறம். அவளுக்கு அது தன் வீட்டு சோபா. அதன் ஓரத்தில், இஸ்திரிப் பெட்டி சாய்ந்து சுட்ட வடுகூட அரைகுறையாக விழுந்திருந்தது.

அந்தக் கம்பெனியில் ரகசியத்தைக் காப்பதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். சவுண்டு செக்‌ஷனில் இருப்பவர்கள் சத்தத்தை மட்டும் கேட்பார்கள். தீப்பெட்டி மாதிரி அசிங்கமான ஒரு கூட்டுக்குள் வைத்துத்தான் கேட்பார்கள், மாடலைப் பார்க்க மாட்டார்கள். அவளுடைய செக்‌ஷனில் மாடலை மட்டும் காதில் போட்டுப் பார்ப்பார்கள். சத்தம் கேட்க மாட்டார்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஊமைப் பீஸ். உள்ளே கம்பி கிடையாது, காந்தம் கிடையாது. நிஜ இயர்போனின் எடை வருவதற்காக ஒரு கண்ணாடிக் குண்டு மட்டும். அதைக் காதில் வைத்துக்கொண்டு நாளெல்லாம் உட்கார வேண்டும், நடக்க வேண்டும், மென்று சாப்பிட வேண்டும், வலித்தால் பட்டனை அழுத்த வேண்டும். எல்லாருக்கும் முதலில் அவள்தான் அழுத்துவாள். அதனால் அவளுக்குப் பெயர் முள். இந்த ஊமை விஷயத்தை செக்‌ஷனுக்கு வெளியே மூச்சுவிடக் கூடாது என்று உத்தரவு. ஏன், காவல் காக்கிற பூட்டுக்கே அந்தப் பீஸுக்குள் இருப்பது என்னவென்று சொல்லியிருக்கவில்லை.

அப்படிப்பட்ட முள், போன வாரம் ஒரு சாயங்காலம் கடைசி மாடலைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்குப் பழைய மாடலையும் புதியதையும் மாற்றி மாற்றிப் போடச் சொன்னார்கள். பழையதைப் புதியதன் குழியில் வைத்துவிட்டாள் போலிருக்கிறது. புதியவை இருக்கும் தட்டில் எண்ணிக்கை குறையவில்லை; பழையதை யாரும் எண்ணுவதில்லை. உலோகம் இல்லாததால் வாசலில் இருந்த மெஷினும் வாயைத் திறக்கவில்லை. குளிக்கப் போகும்போதுதான் காதில் கை பட்டுத் தெரிந்தது. மறுநாள் காலை அதைக் காதிலேயே போட்டுக்கொண்டு போய்த் திரும்ப வைத்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. தன் காதே மறந்துபோகிற அளவுக்கு ஒன்றைச் செய்துவிட்டார்களே என்று.

வீட்டில் போட்டோ எடுக்கக்கூடியவன் ஒருவன்தான்.

பூட்டின் அறைக்கு வெளியே, நாற்காலியில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த ஆள் அவளைப் பார்த்ததும் எழுந்தான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் சவுண்டு செக்‌ஷனின் நீலக் கோடு.

"நீங்கதானா அந்தக் காது?"

அவள் தலையசைத்தாள்.

"மேடம், உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணேன்? உள்ள போனா அந்த ஆளு, 'எத்தனை நாளா பழக்கம்'னு கேக்கறாரு. என் வீட்டுக்காரி காதுக்கு இது போனா என்னாகும் தெரியுமா?"

"உங்க மெயில்ல என் காது நம்பர் எதுக்கு வந்துச்சு?"

"திட்டறதுக்கு!" அவன் குரல் உயர்ந்தது, உடனே கதவைப் பார்த்துத் தாழ்ந்தது. "முனை காதுக்குள்ள கொஞ்சம் ஆழமாப் போனாத்தான் பேஸ் நிக்கும். ஒவ்வொரு தடவையும் நான் சவுண்ட சரி பண்ணி அனுப்புவேன். உடனே மேல இருந்து பதில் வரும், இந்த நம்பர் காதுக்கு வலிக்குது, நீளத்தைக் கொறைங்கன்னு. கொறைச்சுக் கொறைச்சு இப்ப அதுல பேஸே கிடையாது. தகர டப்பா மாதிரி இருக்கு. அத எவனோ 'அட்டகாசம்'னு எழுதியிருக்கான், நான் சொல்லிக் குடுத்தேனாம். கேட்டவன் எவனும் அப்படி எழுத மாட்டான் மேடம்."

"எனக்கு வலிச்சுது, அழுத்தினேன். அதுக்குத்தான் சம்பளம்."

"அழுத்துனீங்க, சரி. இப்ப என் கழுத்தையும் சேர்த்து அழுத்தறீங்க."

பதிலுக்கு ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனிவரை வந்தது. அது ஊமைப் பீஸ், அதில் எவனும் எதையும் கேட்டிருக்க முடியாது என்று சொன்னால் போதும், இவன் தப்பித்துவிடுவான். ஆனால், அந்தக் காதில் இருந்தது எது என்று உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் அடுத்த கேள்வியாக இருக்கும். அதற்கு அடுத்தது, எந்த வீட்டில் என்பது. அவள் படியிறங்கிப் போய்விட்டாள். பின்னாலிருந்து அவன், "நல்லா இருங்க மேடம்" என்றான். அவளை யாரும் இவ்வளவு கெட்டதாகத் திட்டியதில்லை.

அவள் வீட்டுக்குப் போனபோது புருஷன் கடையிலிருந்து வந்திருந்தான். போன் ரிப்பேர் கடை. கவர், சார்ஜர், இயர்போன் எல்லாம் தொங்கும். சோபாவில் கால் நீட்டி போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் முன்னால் அந்தப் போட்டோவை நீட்டினாள். அவன் பார்த்துவிட்டு, "ஓ, உங்க ஆபீஸ் வரைக்கும் வந்துடுச்சா?" என்றான். மறுக்கக்கூட இல்லை.

"ஏன் செஞ்சீங்க?"

"எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தன் இருக்கான், புது போன் சேதி எல்லாத்தையும் அவன்தான் மொதல்ல போடுவான். எனக்கு வீட்டுலயே ஆள் இருந்தும் ஒண்ணும் தெரியலன்னு கிண்டல் பண்ணான். ஒரே ஒரு தடவை போட்டேன். அதான் பேர் போடலையே."

"என் காதப் போட்டிருக்கீங்களே!"

"காதுல என்ன பேரா எழுதியிருக்கு?"

"எழுதித்தான் இருக்கு. எங்க ஆபீஸ்ல அதுக்கு அச்சே வச்சிருக்காங்க. நாளைக்குப் பேர் சொல்லலன்னா எனக்கு வேலை இல்ல. எனக்கு மட்டும் இல்ல, சம்பந்தமே இல்லாத ஒரு ஆளுக்கும். நீங்க எழுதின பேஸ் கதையால."

"அந்த ஆளு யாரோ எவனோ. அவனுக்காக நான் கோர்ட்டு ஏறணுமா?"

"அதுல சத்தமே வராது. நீங்க எதுல கேட்டீங்க பேஸ?"

முதல் முறையாக அவன் கொஞ்சம் அசடு வழிந்தான். "எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. பேஸ் நல்லா இருக்குன்னு சொன்னாத்தான் ஆளு படிக்கும்." பிறகு அந்த அசட்டுத்தனமே கோபமாக மாறியது. "ஒரு வருஷமா நீ காதுல என்னத்தையோ மாட்டிட்டு வேலை பாக்கற. என்னன்னு கேட்டா சொல்லக் கூடாதுன்ற. எப்படி இருந்துச்சுன்னு கேட்டா அதுவும் சொல்லக் கூடாதுன்ற. இந்த வீட்டுல நான் என்ன வாட்ச்மேனா? பொண்டாட்டி காதுல இருக்கறதப் பாக்கக்கூட நான் பாஸ் வாங்கணுமா?"

உள்ளிருந்து மாமியார் துணி மடிக்கிற கையோடு எட்டிப் பார்த்தாள். "மெதுவாப் பேசுங்க. வேலை போனா இன்னொண்ணு தேடிக்கலாம்மா. வீட்டு ஆம்பளையக் காட்டிக் குடுத்துட்டு அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்க உட்காருவ?"

"என்னைக் காட்டிக் குடுத்தது உங்க பிள்ளை அத்தை."

"அவன் ஏதோ வெளையாட்டுக்குப் பண்ணான்" என்று மாமியார் உள்ளே போய்விட்டாள். துணியை உதறும் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்டது.

"எப்ப எடுத்தீங்க?" என்றாள் அவள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

"அன்னைக்கு வந்ததும் இங்கயே சாஞ்சு கண்ணை மூடிட்ட இல்ல, அப்பத்தான். முடி மறைச்சுது. மெதுவா ஒதுக்கி விட்டேன். நீ அசையவே இல்ல. நல்ல தூக்கம்."

அவள் தூங்கவில்லை. அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கழுத்தில் விழுந்திருந்த முடியை ஒவ்வொரு கற்றையாக எடுத்து, காதுக்குப் பின்னால் தள்ளிவிட்ட அந்த விரல்கள். எத்தனையோ மாதங்களாக அவள் மீது கை தவறிக்கூடப் படாமல் நடந்துகொண்டிருந்தவனின் விரல்கள். கண்ணைத் திறந்தால் நிறுத்திவிடுவானோ என்றுதான் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டு கிடந்தாள். அந்தச் சாயங்காலத்தை இந்த ஒரு வாரமாக வேலைக்கு நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்; ஒருநாள் வழக்கம்போல் எரிந்து விழாமல் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். வெளிச்சம் சரியாக விழுவதற்காக அவன் முடியை ஒதுக்கியிருக்கிறான்.

"ஏன் அப்படிப் பாக்கற?" என்றான் அவன்.

"ஒண்ணும் இல்ல. நீ போனப் பாரு."

மறுநாள் காலை பூட்டின் அறையில் சவுண்டுக்காரனும் இருந்தான். ராத்திரி முழுக்க வீட்டில் சண்டை போட்ட முகம். பூட்டு உட்காரச் சொல்வதற்குக் காத்திராமல் அவள் உட்கார்ந்தாள்.

"எங்க செக்‌ஷன்ல இருந்து ஒரு பீஸ் எடுத்துட்டு வரச் சொல்லுங்க சார். மேலதிகாரி அனுமதி வேணும்னா வாங்குங்க. நான் இங்கயே இருக்கேன்."

அனுமதி வந்து, பெட்டியும் வர வெகுநேரம் ஆயிற்று. பெட்டி வந்ததும், "போட்டுப் பாருங்க சார்" என்றாள். பூட்டு சந்தேகத்தோடு காதில் வைத்துக்கொண்டார். தலையைச் சாய்த்தார். காத்திருந்தார்.

"ஆன் பண்ணு."

"அதை ஆன் பண்ண முடியாது. உள்ள கண்ணாடிக் குண்டுதான் இருக்கு. போட்டோல இருக்கறதும் அதுதான். பேஸ் நல்லா இருக்குன்னு எழுதினது அளந்து விட்டது. இவருக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

சவுண்டுக்காரன் அந்த வெள்ளைப் பீஸை எட்டிப் பார்த்தான். இரண்டு வருடம் எதற்காக உழைத்தானோ அதை நேரில் முதல் முறை பார்க்கிறான். "இவ்வளவு சின்னதா?" என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பி, "இத நேத்தே சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றான். நன்றி என்கிற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. பூட்டு கையைக் காட்டியதும் எழுந்து கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

"வெளிய கொண்டு போனது நீ" என்றார் பூட்டு.

"மறந்து போட்டுட்டுப் போனேன்."

"மறந்தாலும் கொண்டு போனது கொண்டு போனதுதான். அது தனி. இப்ப எடுத்தவன் யாரு?"

"என் வீட்டுக்காரர்."

பூட்டு எதிர்பார்த்தது இதை அல்ல போலிருக்கிறது. ஒரு கணம் வெறும் மனிதராக அவளைப் பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்றியா? அப்புறம் இல்லன்னு சொல்ல முடியாதும்மா. மேல வக்கீல் இருக்காங்க, அவங்க எங்கிட்டக் கேட்டுட்டுச் செய்ய மாட்டாங்க."

"நம்பர் சொல்றேன், போட்டுக்குங்க."

சொன்னாள். அவர் தன் போனில் அழுத்தி, ஸ்பீக்கரில் வைத்து, இருவருக்கும் நடுவே மேஜையில் வைத்தார். மணி அடித்தது. உடனே எடுத்தான். தெரியாத நம்பர், யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்திருப்பான்.

"வணக்கம் சார், வாங்க! சொல்லுங்க, என்ன வேணும்?"

கனிவான குரல். அவசரமில்லாமல், சிரித்துக்கொண்டே பேசுகிற குரல். வீட்டுக்குள் அந்தக் குரலில் அவன் எதையும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. பின்னணியில் யாருடைய போனுக்கோ அவன் ஒட்டிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் தாள் மெல்ல உரிந்து வருகிற சத்தம்.

"ஹலோ? சார்?"

பூட்டு தொண்டையைச் செருமிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவள் பார்வை போனின் அடியில் இருந்த பொடிப்பொடித் துளைகளின்மீது இருந்தது. அவன் குரல் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

"அவசரமே இல்ல சார்" என்றது அந்தக் குரல். "நிதானமாச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."